விண்மீன்களுக்கு மதிப்பெண் இட்டவர்

பத்தாம் வகுப்பு மாணவி, திருநாவலூர்

சென்ற தை மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் செய்த ஒரு தவற்றிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அந்தத் தவறு நேர்ந்திராவிட்டால் நார்மன் போக்சன் என்ற வானியலாரின் பெயரே எனக்குத் தெரிந்திருக்காது.

என் சித்தப்பா சென்னையிலிருந்து ஒரு சிறிய தொலைநோக்கி வாங்கி வந்திருந்தார். அதன் வில்லை 6 சென்டிமீட்டர் அகலம். கார்த்திகை விண்மீன் கூட்டத்தை வெறுங்கண்ணால் பார்த்தால் ஆறு விண்மீன்கள் தெரியும். தொலைநோக்கியிலோ எண்ணி மாளாது. இவற்றில் எது ஒளி மிகுந்தது, எது குறைந்தது என்று அளக்க முடியுமா என்று எங்கள் அறிவியல் சிஸ்டரிடம் கேட்டேன். அவர் ஓர் எளிய வழி சொன்னார். அட்டையில் வெவ்வேறு அளவில் வட்டத் துளைகள் வெட்டி, தொலைநோக்கியின் முன்வாயை ஒவ்வொன்றாக மூட வேண்டும். எந்தத் துளையில் விண்மீன் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ, அந்தத் துளையின் அளவே விண்மீனின் ஒளிக்கு அளவாகும்.

பழைய திருமண அழைப்பிதழ்களில் கவராயத்தால் வட்டம் போட்டு 1, 1½, 2, 3 சென்டிமீட்டர் துளைகளுடன் நான்கு அட்டைகள் செய்தேன். இரண்டு இரவுகள் மார்கழிப் பனி இன்னும் விலகாத குளிரில் நின்று, பதினெட்டு விண்மீன்களுக்கு எதிரே இரண்டாம் அட்டை, மூன்றாம் அட்டை என்று எழுதினேன். சிஸ்டர் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். மூன்றாம் அட்டை என்றால் எது? பெரியதிலிருந்து எண்ணியதா, சிறியதிலிருந்து எண்ணியதா? எனக்கு விழித்தேன். முதல் இரவு பெரியதிலிருந்து எண்ணினேன். மறுநாள் என் தம்பி அட்டைகளைக் கலைத்துவிட்டதால் சிறியதிலிருந்து எண்ணிய நினைவு. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் இரவில் நிலா இருந்ததா என்பதையும் எழுதவில்லை. பதினெட்டு விண்மீன்களும் பாழ்.

சிஸ்டர் கோபிக்கவில்லை. துளையிட்ட அட்டையைக் கொண்டே விண்மீன்களை அளந்து உலகத்துக்கே ஒரு கணக்கு தந்துவிட்டுப் போனவர் நம் சென்னையில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார், அவரைப் பற்றிப் படி என்றார். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நார்மன் ராபர்ட் போக்சன் 1829-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். தந்தை காலுறை முதலிய பின்னலாடைகள் செய்யும் தொழில் நடத்தியவர். மகனுக்கோ கணக்கில் ஆசை. பதினாறு வயதில் பள்ளியை விட்டார். கணித ஆசிரியர் ஆகலாம் என்பது எண்ணம். பதினெட்டு வயதிலேயே, ஹிண்ட் என்ற வானியலாரின் துணையோடு, இரண்டு வால்மீன்களின் பாதையைக் கணித்து முடித்தார். நம்மைவிட மூன்று வயதுதான் மூத்தவர் என்பதை எண்ணிப் பாருங்கள்! பிறகு லண்டனில் ஒரு தனியார் வானாய்வுக்கூடத்திலும், 1852 முதல் ஆக்ஸ்போர்டு ராட்கிளிஃப் வானாய்வுக்கூடத்திலும் உதவியாளராக இருந்தார்.

ஆக்ஸ்போர்டில்தான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் குறுங்கோள்களைத் தேடுவது அக்காலத்தில் வானியலாரிடையே ஒரு பெரும் போட்டியாக இருந்தது. 1856 மே 23 அன்று போக்சன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐசிஸ் என்று அதற்குப் பெயர். அது அவருடைய மூன்று வயது மகளின் பெயரும் ஆகும். இதற்காக அவருக்குப் பிரெஞ்சு நாட்டின் லாலாந்து பதக்கம் கிடைத்தது. மறுவருடமே அரியாட்னி, ஹெஸ்டியா என்று இன்னும் இரண்டு.

ஆனால் இன்று உலகம் அவரை நினைப்பது குறுங்கோள்களுக்காக அல்ல. அதே 1856-இல் அவர் எழுதிய ஒரு சிறு கட்டுரைக்காகத்தான். அதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க வானியலார் விண்மீன்களை ஆறு தரங்களாகப் பிரித்துவிட்டனர். மிகப் பிரகாசமானவை முதல் தரம். கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிபவை ஆறாம் தரம். இதில் எண் கூடக்கூட ஒளி குறையும். நம் வகுப்பு ரேங்க் போல என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. தொலைநோக்கி வந்த பிறகு ஆறுக்குக் கீழே ஏழு, எட்டு, ஒன்பது என்று ஏணியை நீட்ட வேண்டியதாயிற்று. அங்கேதான் தொல்லை தொடங்கியது. ஒவ்வொரு வானியலாரும் தம் கண்ணுக்குத் தோன்றியபடி நீட்டினார். ஒருவர் பத்தாம் தரம் என்று எழுதிய மங்கலான விண்மீனை இன்னொருவர் பன்னிரண்டு என்று எழுதுவார். ஒரே விடைத்தாளை இருவர் திருத்தி ஒருவர் 80-ம் மற்றவர் 55-ம் போட்டால் அந்த மாணவிக்கு எப்படி இருக்கும்? விண்மீன்கள் முறையிடவில்லை, அவ்வளவுதான்.

போக்சன் 1857-ஆம் ஆண்டின் ஒவ்வொரு மாத முதல் நாளிலும் 36 குறுங்கோள்கள் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்று பட்டியல் போடவேண்டியிருந்தது. குறுங்கோள் பூமியை நெருங்கினால் ஒளி கூடும், விலகினால் குறையும். தொலைவிலிருந்து ஒளியைக் கணித்து, ஒளியிலிருந்து தரத்தைக் கணிக்க வேண்டும். ஆகவே ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் உள்ள விகிதம் என்ன என்ற கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. முதல் தர விண்மீன் ஆறாம் தரத்தைவிட ஏறத்தாழ நூறு மடங்கு ஒளியுடையது என்பது முன்பே தெரிந்திருந்தது. ஒரு படிக்கு எத்தனை மடங்கு என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கிடைத்துக்கொண்டிருந்தது.

போக்சன் அந்த எண்களைப் பார்த்துவிட்டு, ஐந்து படிகளுக்குச் சரியாக நூறு மடங்கு என்று வைத்துக்கொள்வோம் என்றார். அப்படியானால் ஒரு படிக்கு 2.512 மடங்கு. அந்த எண்ணை ஐந்து முறை தன்னோடு பெருக்கிப் பாருங்கள், நூறு வந்துவிடும். இதன் மடக்கை மிகச் சரியாக 0.4. இதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்பது என் கருத்து. தொலைவைத் தரமாக மாற்றும் சூத்திரத்தில் அடிக்கடி வரும் எண், இந்த விகிதத்தை ஏற்றுக்கொண்டால் முழு எண்ணான 5 ஆகிவிடும். மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கணக்குப் போட்டவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி! கணக்கில் சோம்பல் கூடாது என்பார்கள். இப்படிப்பட்ட சோம்பல் இருக்கலாம் போலும்.

துளை அட்டை முறையையும் அவர் இதே கணக்கில் பொருத்தினார். தம் கண்ணுக்கு, ஓர் அங்குலத் துளை வழியே தெரியும் மிக மங்கலான விண்மீன் 9.2 தரம் என்று கண்டார். துளையின் அகலத்தை அங்குலத்தில் எழுதி, அதன் மடக்கையை ஐந்தால் பெருக்கி, 9.2-உடன் கூட்டினால், அந்தத் துளையின் எல்லைத் தரம் கிடைத்துவிடும். துளையின் அகலம் இரட்டித்தால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். எல்லை ஒன்றரைத் தரம் இறங்கும். என் குறிப்பேட்டில் அட்டையின் அளவு இல்லாமல் போனதால் என்ன இழந்தேன் என்பது இதைப் படித்த பிறகுதான் உறைத்தது. அளவு இருந்திருந்தால் பதினெட்டு விண்மீன்களுக்கும் தரம் போட்டிருக்கலாம்.

1860-இல் இந்திய அமைச்சர் சர் சார்லஸ் வுட் அவரைச் சென்னை அரசு வானியலாராக நியமித்தார். 1861 பிப்ரவரியில் போக்சன் குடும்பத்தோடு சென்னை வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடம் அது. கருவிகளைத் தாங்கிய அதன் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு, வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

வந்து இரண்டே மாதத்தில், ஏப்ரல் 17 அன்று, ஒரு குறுங்கோளைப் பிடித்துவிட்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் குறுங்கோள் அது. அதனால் ஆசியா என்றே பெயர் பெற்றது. தொடர்ந்து 1864-இல் சாஃபோ, 1866-இல் சில்வியா, 1868-இல் கமில்லா, 1885-இல் வேரா. சில்வியாவைச் சுற்றி இரண்டு குட்டி நிலவுகள் இருப்பது 2005-இல் வெளியாயிற்று. கமில்லாவுக்கும் இரண்டு உண்டு. நுங்கம்பாக்கத்தின் மேல் மினுங்கிய அந்த ஒற்றைப் புள்ளிக்குள் மூன்று உருவங்கள் ஒளிந்திருந்தன என்பது போக்சனுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

சென்னையில் அவருக்கு வாய்த்த பெரும் துணை சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் கணிதம் அறிந்த இவர் கூடத்தின் முதல் உதவியாளர். 1867-இல் ரெட்டிகுலம் மண்டலத்தில் ஆர் என்னும் விண்மீன் ஒளி மாறுவதைக் கண்டவர் இவரே. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது போக்சன் மசூலிப்பட்டினத்துக்கும், ரகுநாதாச்சாரி தனிக் குழுவோடு வனபர்த்திக்கும் சென்றார்கள். 1872-இல் ஆச்சாரியார் லண்டன் அரச வானியல் கழக உறுப்பினரானார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே.

1872 டிசம்பரில் நடந்தது கதை போன்றது. ஜெர்மனியிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்பவர் போக்சனுக்கு ஒரு தந்தி அனுப்பினார். பியெலா வால்மீன் நவம்பர் 27 அன்று பூமியைத் தொட்டுவிட்டுப் போகிறது, தென்வானில் தேடவும் என்பது அதன் சாரம். மழைக்கால மேகம். போக்சன் டிசம்பர் 2-லும் 3-லும் கிடைத்த இடைவெளியில் தேடி, சொன்ன திசையில் ஒரு வால்மீனைப் பார்த்தேவிட்டார்! ஆனால் அது பியெலா அல்ல, வேறொன்று என்று பின்னாளில் கணக்குகள் காட்டின. தவறான சீட்டை எடுத்துக்கொண்டு போனவருக்குச் சரியான பரிசு விழுந்தது போலாயிற்று.

இனி ஐசிஸைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாம் பெண்கள் பள்ளி அல்லவா! 1869-இல் தாய் எலிசபெத் காலமானார். போக்சன் தம்பதியருக்குப் பதினொரு பிள்ளைகள். அப்போது பதினாறு பதினேழு வயதான எலிசபெத் ஐசிஸ் 1873-இல் மாதம் 150 ரூபாய் சம்பளத்தில் தந்தையின் உதவியாளராகச் சேர்ந்தார். அந்நாளில் கம்ப்யூட்டர் என்ற சொல் ஓர் இயந்திரத்தைக் குறிக்காது. உட்கார்ந்து கணக்குப் போடும் மனிதரைக் குறிக்கும். ஐசிஸ் அப்படிப்பட்ட ஒரு கம்ப்யூட்டர். 1881-இல் சென்னை மாகாண வானிலைப் பணிக்குப் பொறுப்பேற்று 1898 வரை பணியாற்றினார். 1886-இல் தந்தை அவரை அரச வானியல் கழக உறுப்பினராக முன்மொழிந்தார். கழகத்தின் விதிகள் ஆணைக் குறிக்கும் சொல்லில் எழுதப்பட்டிருப்பதால் பெண்ணைச் சேர்க்க இயலாது என்று வழக்கறிஞர்கள் கூற, அந்த முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. ஒரு சொல்லுக்காக! 1920-இல் ஐசிஸ் உறுப்பினரானபோது அவருக்கு 68 வயது. தந்தை மறைந்து 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனிச் சொல்லப்போவது போக்சனின் வாழ்வில் மனத்தை வருத்தும் பகுதி.

வானத்தைப் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வதோடு வேலை முடிவதில்லை. அந்த எண் பச்சைக் காய்கறி போன்றது; சமைத்த பிறகே இலையில் பரிமாறலாம். ஒரு விண்மீனின் இடத்தை அளந்தால், கடிகாரம் அன்று எத்தனை நொடி பிந்தியது, தொலைநோக்கி எவ்வளவு சாய்ந்திருந்தது, காற்று மண்டலம் ஒளியை எவ்வளவு வளைத்தது, இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்த பிறகே உண்மை இடம் கிடைக்கும். போக்சன் 1862 முதல் 1887 வரை 5303 விண்மீன்களின் இடங்களை அளந்தார். ஒவ்வொன்றையும் பல முறை. அதோடு ஒளி மாறும் விண்மீன்கள், குறுங்கோள்கள், ஊருக்கு நேரம் அறிவிக்கும் பொறுப்பு. இந்திய ரயில்கள் ஓடிய சென்னை நேரம் இக்கூடத்துக் கடிகாரத்தின் நேரமே. உதவியாளரோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். 1880-இல் ரகுநாதாச்சாரியும் காலமானார். அளந்த எண்கள் மலைபோல் குவிந்தன. கணக்குப் பின்தங்கியது. லண்டனிலிருந்து குறை கூறினார்கள். 1862, 1863, 1864 ஆண்டுகளின் அளவீடுகள் அச்சாகி வெளிவந்தது 1887-இல் என்றால், நிலைமையை நீங்களே ஊகிக்கலாம்.

புதிதாக அளப்பதை நிறுத்திவிட்டுப் பழையதை முடித்திருக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இன்றிரவு ஒரு விண்மீன் எவ்வளவு ஒளியோடு இருக்கிறது என்பதை இன்றிரவு மட்டுமே பார்க்க முடியும். கணக்கை அடுத்த வருடமும் போடலாம். யார் பக்கம் நியாயம் என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. அப்பாவிடம் கேட்டேன். அறுவடை நாளில் கணக்குப் பிள்ளை வேலை பார்க்க முடியுமா என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

தென்னிந்திய மலை ஒன்றில் 20 அங்குலத் தொலைநோக்கியுடன் புதிய கூடம் வேண்டும் என்றும் போக்சன் கேட்டிருந்தார். அந்த முயற்சியே பல மாற்றங்களுக்குப் பின் 1899-இல் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமாக உருப்பெற்றது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1891 ஜூன் 23 அன்று சென்னையிலேயே உயிர் துறந்தார்.

அவருக்குப் பின் வந்த மிச்சி ஸ்மித் மீதமிருந்த தொகுதிகளை முடித்து வெளியிட்டார். ஒளி மாறும் விண்மீன்கள் 31-ஐ போக்சன் ஆண்டாண்டாகக் கவனித்து எழுதிய குறிப்புகள் 1908-இல் அரச வானியல் கழக வெளியீடாக அச்சேறின. அவர் மறைந்து 17 ஆண்டுகள் கழித்து!

விகிதத்தின் கதை வேறு. 1884-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக்கூடம் 4260 விண்மீன்களின் தரங்களை வெளியிட்டபோது போக்சனின் 2.512-ஐ ஏற்றுக்கொண்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். பிறகு கண்ணின் இடத்தில் ஒளிமானி வந்தது. தொலைநோக்கியின் பின்புறம் பொருத்தும் ஒரு பெட்டி அது. முதலில் ஒரு சிறு துளை, பக்கத்து விண்மீன்களை மறைத்து நமக்கு வேண்டியதை மட்டும் உள்ளே விடும். அடுத்துக் கண்ணாடி வடிகட்டிகள், புற ஊதா, நீலம், கட்புலன் நிறம் என்று வரிசையாக. 1953-இல் ஜான்சன், மார்கன் இருவரும் வகுத்த முறை இது. கடைசியில் ஒளியை மின்துடிப்பாக மாற்றும் குழாய். நொடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணினால் அதுவே ஒளியின் அளவு. இப்போது பெரும்பாலும் மின்னணுப் படக்கருவிகள் இவ்வேலையைச் செய்கின்றன.

நம் கல்வராயன் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வுக்கூடம் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 1972-இல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கியில் 1977 மார்ச் 10 அன்று பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் இப்படித்தான் ஒரு விண்மீனின் ஒளியைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் கோள் அதன் அருகே வரும் நேரம். திடீரென ஒளி சில நொடி தாழ்ந்து மீண்டது. முதலில் ஒரு புதிய நிலவு என்று எண்ணினார்கள். விமானத்திலிருந்து அளந்த அமெரிக்கக் குழுவினர் அது வளையங்கள் என்று கண்டனர். பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் தங்கள் பதிவை மீண்டும் ஆராய்ந்தபோது, வளையங்களின் சுவடு அதிலும் இருந்தது.

ஒளிமானி தரும் துடிப்புகளைத் தரமாக மாற்றும் வேலையை இப்போது கணினி நிரல் செய்கிறது. ஐசிஸுக்கு ஒரு மாதம் ஆகும் கணக்கு ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆனால் அந்த நிரல் முதலில் ஒரு விவரப் பட்டியலைக் கேட்கும். கூடம் எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? துளை எவ்வளவு அகலம்? எந்த வரிசையில் எந்த வடிகட்டி? எந்தக் குழாய்? கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது? குழாயைப் பற்றி ஏன் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நம் பள்ளிச் சுற்றுலாவில் பேருந்தில் ஏறுபவர்களை வாசலில் நின்று எண்ணும்போது இருவர் ஒன்றாக ஏறினால் ஒருவராக எண்ணிவிடுவோம் அல்லவா? குழாயும் அப்படியே. துடிப்புகள் மிக நெருங்கி வந்தால் சிலவற்றை விட்டுவிடும். எவ்வளவு விடும் என்பது குழாய்க்குக் குழாய் மாறும். அந்த எண்ணைச் சொன்னால்தான் நிரல் திருத்தும். இடமும் நேரமும் எதற்கென்றால், விண்மீன் அடிவானத்துக்கு அருகில் இருக்கும்போது அதன் ஒளி அதிகக் காற்றைக் கடந்து மங்கி வருகிறது. அந்த இழப்பைக் கணிக்க அதன் உயரம் தெரிய வேண்டும். பட்டியலில் ஒரு வரி தவறினால் நிரல் சற்றும் தயங்காமல் தவறான விடையைத் தந்துவிடும். என் மூன்றாம் அட்டை எது என்று அதுவாகக் கேட்காது. சிஸ்டராவது கேட்டார்.

எல்லாத் திருத்தங்களும் முடிந்தபின் நிரல் எண்ணிக்கையின் மடக்கையை 2.5-ஆல் பெருக்குகிறது. அந்த 2.5 எங்கிருந்து வந்தது? ஒன்றை போக்சனின் 0.4-ஆல் வகுத்தால் வருவது அதுதான்! ஒரு விண்மீன் நொடிக்கு 40,000 துடிப்பும் மற்றொன்று 10,000-மும் தந்தால் நான்கு மடங்கு. வித்தியாசம் ஒன்றரைத் தரம். 2 சென்டிமீட்டர் அட்டைக்கும் 1 சென்டிமீட்டர் அட்டைக்கும் உள்ள அதே ஒன்றரை. திருவாதிரை விண்மீன் 2020 பிப்ரவரியில் மங்கியபோது, ஏறத்தாழ 0.5-இலிருந்து 1.6 தரத்துக்கு இறங்கியது. ஒளி மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் குறைந்துவிட்டது என்பதை உலகம் முழுவதும் ஒரே எண்ணில் பேசிக்கொள்ள முடிந்தது இந்த விகிதத்தால்தான்.

இவ்வளவும் படித்த பிறகு நான் மறுபடி மாடிக்குப் போனேன். அட்டைகளில் மையால் அளவு எழுதினேன். குறிப்பேட்டின் தலைப்பில் தொலைநோக்கி 6 செ.மீ., நிலா இல்லை, மெல்லிய பனி, இரவு 8 மணி 10 நிமிடம் என்று எழுதிவிட்டுத்தான் கண்ணை வைத்தேன். சிஸ்டர் தந்த பட்டியலில் 7.6 தரம் என்றிருந்த ஒரு கார்த்திகை விண்மீன் 2 சென்டிமீட்டர் அட்டையில் தெரிந்தது, 1½-இல் மறைந்தது. போக்சனின் 9.2-ஐப் போட்டுக் கணக்கிட்டால் விண்மீன் 8.1-க்கும் 8.7-க்கும் நடுவில் வருகிறது. ஏறத்தாழ ஒரு தரம் பிசகு! அட்டை தவறோ, கணக்குத் தவறோ என்று இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். சிஸ்டர் சிரித்தார். 9.2 என்பது போக்சனின் கண்ணுக்கும், அவர் கருவிக்கும், அவர் வானத்துக்கும் உரிய எண். உன் கண்ணுக்கும் நெடுஞ்சாலை விளக்குகள் வெளுக்கும் உன் மாடிக்கும் உரிய எண்ணை நீதான் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். தெரிந்த விண்மீனிலிருந்து திரும்பக் கணக்கிட்டேன். எனக்கு 8.4 வந்தது.

அதைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தேன். என் தம்பி தானும் பார்ப்பேன் என்று அடம் பிடித்தான். அவனுக்கு அதே விண்மீன் 1½ அட்டையிலும் தெரிகிறதாம்! மறைந்த பிறகும் தெரிகிறது என்று சாதிக்கிறானோ என்ற ஐயத்தால், அவனுக்குச் சொல்லாமல் அட்டைகளை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தேன். உண்மைதான். 1 சென்டிமீட்டரில்தான் அவனுக்கு மறைகிறது. அவன் பெயரில் ஒரு தனிப் பக்கம் திறந்திருக்கிறேன்.